இதரச் செலவு

'மாமூல்' என்ற சொல் கடல் கடந்து நம் பாஷைக்கு வந்து சேர்ந்தது. அரபு தேசத்தில் அதற்கு வழக்கமானது, நடைமுறையில் உள்ளது என்று பொருளாம். நம் ஊரிலும் அது முதலில் அந்த அர்த்தத்தில்தான் குடியேறியிருக்க வேண்டும். 'மாமூலாகப் பால் ஊற்றுகிறவன்' என்றால் யாருக்கும் கோபம் வராது. ஆனால் அதே சொல்லுக்குச் சென்னையிலே இன்னோர் அர்த்தமும் உண்டு. அதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாசகர்களில் பலர் கொடுத்திருப்பார்கள். சிலர் வாங்கியும் இருக்கலாம்.

லஞ்சத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் படுவது இந்தப் பெயர் விஷயந்தான். லஞ்சம் ஒருபோதும் தன் சொந்தப் பெயரில் நடமாடுவதில்லை. திருடனுக்கு முகமூடி எப்படியோ, அப்படி லஞ்சத்துக்கு ஒரு சாதுவான பெயர். சில்லறைக் கைகளில் அது 'டீ செலவு'. கொஞ்சம் பெரிய இடத்தில் 'அன்பளிப்பு'. கடல் தாண்டிப் போனால் இன்னும் அழகான பெயர்கள் எல்லாம் இருக்கின்றன.

அமெரிக்காவில் லாக்ஹீட் என்று ஆகாய விமானம் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. அது ஜப்பானில் விமானம் விற்பதற்காகக் கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கி வைத்திருந்தது. ரசீதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'வேர்க்கடலை'! ஒரு வேர்க்கடலை என்றால் பத்து லட்சம் யென். இந்த விவகாரம் வெளியே வந்து 1976-ஆம் வருஷம் ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனகா கைதானார். ஜெர்மனியில் சீமென்ஸ் கம்பெனிக்காரர்கள் அதைப் 'பயனுள்ள செலவு' என்று அழைத்தார்கள். அந்த நாட்டில் 1999 வரை வெளிதேசத்தில் கொடுக்கும் லஞ்சத்தை வியாபாரச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளவும் இடம் இருந்தது. நம்முடைய போபர்ஸ் பீரங்கியையும் மறக்கக் கூடாது. 1986-இல் ஒப்பந்தம் ஆயிற்று. மறு வருஷம் ஸ்வீடன் ரேடியோ குட்டை உடைத்தது. பிறகு நம் மவுண்ட் ரோடு 'ஹிந்து' பத்திரிகையில் தஸ்தாவேஜுகள் வெளியாயின. 64 கோடி ரூபாயைப் பற்றி நாடே பேசியது. கம்பெனி சொன்ன சமாதானம், அது லஞ்சமே அல்ல, பழைய ஏஜெண்டுகளுக்குக் கணக்கை முடித்து அனுப்பிய 'வைண்டிங் அப்' செலவு என்பதுதான்.

கல்மண்டபத்தில் குடியிருக்கிறவனுக்கு இந்த அகராதி அவ்வளவு புதிதல்ல. இங்கே காற்றிலே உப்பும் டீஸலும் கருவாடும் சமபாகமாகக் கலந்திருக்கும். ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். இப்போது எங்கள் பேட்டையின் நாடித் துடிப்பு ரயில் அல்ல, கண்டெய்னர் லாரி. துறைமுகத்தின் ஜீரோ கேட்டிலிருந்து காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் அவை வரிசை பிடித்து நிற்கும் நாட்கள் உண்டு. டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே சமையல் செய்து, லாரிக்கு அடியிலேயே தூங்குவார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் யாரோ ஒருவருடைய சரக்கு இருக்கிறது. சரக்கு நகராத ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அவசரம் ஒரு பக்கம், முத்திரை குத்தும் அதிகாரம் மறுபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் மாமூல் பிறந்து வளர்கிறது.

எங்கள் தெருவில் கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் இருபத்திரண்டு வருஷம் உத்தியோகம். வெற்றிலை போடமாட்டார்; கடன் வாங்கமாட்டார்; வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டு வருவார். அவருடைய லெட்ஜரில் 'இதரச் செலவு' என்று ஒரு பத்தி இருந்தது.

"அது என்ன இதரம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சார், கூலி என்றால் கூலி, வண்டி வாடகை என்றால் வண்டி வாடகை. இந்த இரண்டிலும் சேராதது இதரம்" என்றார்.

"எதிலும் சேராமல் ஒரு பணம் எப்படிப் போகும்?"

அவர் சிரித்தார். "நான் பொய் எழுதவில்லை சார். நிஜத்தின் பேரை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன்."

இந்தப் பதிலில் ஓர் உலக சாஸ்திரமே அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. அமெரிக்கர்கள் அதே இடத்தில்தான் கை வைத்தார்கள்.

வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்ஸன் பதவி இழந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதை விசாரித்துக்கொண்டு போனபோது, பெரிய கம்பெனிகளில் கணக்கில் வராத ரகசிய நிதிகள் இருப்பது தெரிந்தது. பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் கமிஷன் மேலும் குடைந்தது. 400-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் தாமாகவே முன்வந்து, 'ஆமாம், சந்தேகத்துக்கு இடமான பணம் கொடுத்தோம்' என்று ஒப்புக்கொண்டன. வெளிதேசத்து மந்திரிகளுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் போன தொகை 30 கோடி டாலருக்கு மேல். 1977 டிசம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வெளிநாட்டு உத்தியோகஸ்தருக்கு லஞ்சம் கொடுப்பதை உள்நாட்டில் குற்றமாக்கிய முதல் சட்டம் அது.

அந்தச் சட்டத்துக்கு இரண்டு கைகள். ஒரு கை லஞ்சம் கொடுத்தவனைப் பிடிக்கிறது. இன்னொரு கை கணக்குப் புத்தகத்தைப் பிடிக்கிறது. அமெரிக்கப் பங்கு மார்க்கெட்டில் பெயர் பதிந்த கம்பெனி, தன் கணக்கை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். 'யாருக்குக் கொடுத்தாய், எதற்குக் கொடுத்தாய்?' என்பதை நிரூபிக்க முடியாமல் போனாலும் போகட்டும். 'ஏன் வேறு பெயரில் எழுதினாய்?' என்று கேட்கலாம். லஞ்சம் வாங்கியவனின் கையைப் பிடிப்பதைவிட லெட்ஜரின் பத்தியைப் பிடிப்பது சுலபம் அல்லவா?

இதெல்லாம் தூர தேசத்துச் சமாசாரம் என்று நினைக்கிறவர்களுக்கு நம் பட்டணத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

காக்னிஸன்ட் என்ற கம்பெனி 1994-இல் சென்னையிலேதான் பிறந்தது. தலைமைக் காரியாலயம் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணம். நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும் இடம். அந்தக் கம்பெனி சென்னையில் 27 லட்சம் சதுர அடியில் ஒரு பெரிய வளாகம் கட்டிற்று. அதற்கான அனுமதிக்காகத் தமிழ்நாட்டின் உயர் அதிகாரி ஒருவர் 2014-இல் 20 லட்சம் டாலர் கேட்டார் என்பது அமெரிக்கக் கமிஷன் 2019 பிப்ரவரியில் வெளியிட்ட உத்தரவின் சாரம். பணத்தைக் கம்பெனி நேரே கொடுக்கவில்லையாம். கட்டடம் கட்டிய காண்டிராக்டர் மூலம் கொடுக்கச் சம்மதித்து, அந்தப் பணத்தைக் காண்டிராக்டருக்குத் திருப்பித் தருவதற்குக் கட்டட வேலையில் மாறுதல்கள் செய்ததாகப் பொய்யான பட்டியல் தயாரித்தார்களாம். கல்மண்டபத்தில் 'இதரச் செலவு'. அங்கே 'வேலை மாறுதல்'. பெயர்தான் வேறு.

விஷயம் தெரியவந்ததும் கம்பெனியின் டைரக்டர்கள் அதை மூடி மறைக்கவில்லை. இரண்டு வாரத்துக்குள் தாங்களே சர்க்காரிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். அதனால் அமெரிக்க நீதி இலாகா கம்பெனி மேல் கிரிமினல் வழக்குப் போடவில்லை. கம்பெனியும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், மறுக்காமல், இரண்டரைக் கோடி டாலர் கட்டித் தீர்த்தது. மேல் பதவியில் இருந்த இருவர் மேல் மட்டும் குற்றம் சாட்டினார்கள். அவர்கள் மறுத்தார்கள். ஆறு வருஷம் இழுபறிக்குப் பின் 2025 ஏப்ரலில், விசாரணை தொடங்குவதற்கு முன்பே, சர்க்கார் தரப்பே வழக்கைக் கைவிட, கோர்ட்டு தள்ளுபடி செய்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஜனாதிபதி டிரம்ப், இந்தச் சட்டம் அமெரிக்க வியாபாரிகளின் கையைக் கட்டுகிறது என்று சொல்லி அதன் அமலை நிறுத்தி வைத்திருந்தார். ஜூன் மாதம் புதிய நிபந்தனைகளோடு அது மறுபடி எழுந்து உட்கார்ந்தது.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது ஒன்றுண்டு. அனுமதி கேட்டது சென்னையில். பணம் கேட்டதாகச் சொல்வது சென்னையில். கட்டடம் நிற்பதும் சென்னையில். இரண்டரைக் கோடி டாலர் போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் கஜானாவில்! எங்கள் தெருவில் திருட்டுப் போன சேவலுக்கு அடுத்த ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் வசூலித்துத் தன் உண்டியலில் போட்டுக்கொண்ட மாதிரி. அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களாவது பஞ்சாயத்தைக் கூட்டினார்கள்.

கம்பெனி என்பதைத் தண்டிப்பது அவ்வளவு எளிய காரியம் அல்ல. உதைப்பதற்கு உடம்பும் இல்லை, நரகத்துக்கு அனுப்ப ஆத்மாவும் இல்லை என்று பழைய இங்கிலீஷ் நீதிபதி ஒருவர் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நம் சுப்ரீம் கோர்ட்டும் இதில் கொஞ்சம் திணறித்தான் கரையேறிற்று. ஒரு குற்றத்துக்குச் சிறையும் அபராதமும் இரண்டும் கட்டாயம் என்று சட்டம் சொன்னால், கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாதே, ஆகையால் வழக்கே போட முடியாது என்று 2003-இல் ஒரு தீர்ப்பு வந்தது. அப்படியானால் சின்னக் குற்றத்துக்கு அபராதம், பெரிய குற்றத்துக்கு விடுதலை என்றல்லவா ஆகிறது? 2005-இல் ஐந்து நீதிபதிகள் கூடி, மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அதை மாற்றினார்கள்: சிறை வைக்க முடியாவிட்டால் அபராதமாவது போடு. 2010-இல் இன்னொரு தீர்ப்பு, கம்பெனியை நடத்துகிறவர்களின் கெட்ட எண்ணத்தைக் கம்பெனியின் எண்ணமாகவே கொள்ளலாம் என்றது. இப்படியாகக் கம்பெனிக்கு ஒரு மனசாட்சியை நீதிபதிகள் செய்து கொடுத்தார்கள்.

இங்கிலாந்து இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2010-இல் செய்து மறு வருஷம் அமலுக்கு வந்த சட்டத்தில், 'என் ஆள் கொடுத்தது எனக்குத் தெரியாது' என்ற சாக்கை அது எடுத்துவிட்டது. கம்பெனிக்காக எவர் லஞ்சம் கொடுத்தாலும், அதைத் தடுக்கத் தவறியதே கம்பெனியின் குற்றம். தடுப்பதற்குத் தகுந்த ஏற்பாடு செய்திருந்தேன் என்று நிரூபித்தால்தான் தப்பலாம். 2018 ஜூலையில் நம் ஊழல் தடுப்புச் சட்டமும் திருத்தப்பட்டு இதே வழிக்கு வந்தது. கம்பெனிக்கு அபராதம், தெரிந்தே உடந்தையாக இருந்த டைரக்டருக்கு மூன்று முதல் ஏழு வருஷம் சிறை. லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான். ஆனால் கட்டாயத்துக்கு உட்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளைக்குள் போலீஸில் சொல்லிவிட்டால் தப்பலாம்.

ஓர் ஓட்டை மட்டும் அடைபடவில்லை. நம் கம்பெனி ஒன்று ஆப்பிரிக்காவிலோ வேறெங்கோ போய் அந்த ஊர் மந்திரிக்கு லஞ்சம் கொடுத்தால், அதைக் குற்றமென்று சொல்லும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ஐக்கிய நாட்டு ஊழல் ஒப்பந்தத்தை 2011-இல் ஏற்றுக்கொண்டோம். அதே வருஷம் ஒரு மசோதாவும் கொண்டுவந்தோம். 2014-இல் லோக்சபை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாகிவிட்டது. 2015-இல் சட்டக் கமிஷன் அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தது. போபர்ஸ் விஷயத்தில் ஸ்வீடனைப் பார்த்து விரல் நீட்டிய நாம், நம்முடைய வியாபாரி அடுத்தவன் வீட்டில் என்ன செய்கிறான் என்று கேட்கச் சட்டம் செய்யாமல் இருக்கிறோம். அங்கேயும் ஒரு கல்மண்டபம் இருக்கும்; அங்கேயும் லாரிக்கு அடியில் ஒருவன் சமைத்துக்கொண்டிருப்பான்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தது நல்லதுதான். ஆனால் அது மேலிருந்து கீழே இறங்கி வரும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2010 நவம்பரில் பனால்பினா என்ற ஸ்விட்ஸர்லாந்து சரக்குக் கம்பெனியும் அதன் வாடிக்கைக்காரர்கள் சிலரும் சேர்ந்து சுமார் 23 கோடியே 60 லட்சம் டாலர் அமெரிக்காவில் கட்ட நேர்ந்தது. நைஜீரியா முதலிய இடங்களில் சுங்க அதிகாரிகளுக்குக் கொடுத்த லஞ்சம். பில்லில் 'விசேஷத் தலையீடு', 'உள்ளூர் நடைமுறைச் செலவு' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். சரக்கு ஏஜெண்டு செய்வது நம் தலையில் விடியும் என்று உலகத்திலுள்ள பெரிய கம்பெனிகள் எல்லாம் பயந்துபோயின. பயத்தின் பலனாக ஒரு காகிதம் பிறந்தது. 'நாங்கள் யாருக்கும் எவ்வித லஞ்சமும் கொடுப்பதில்லை' என்று ஏஜெண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் கடல் கடந்து எங்கள் கணக்கப்பிள்ளையின் மேஜைக்கும் வந்தது.

அதில் ஏஜெண்டு கையெழுத்திட்டார். பெட்டி அதே கேட் வழியாகத்தான் போயிற்று. முத்திரையும் அதே முத்திரைதான். கூடிய சீக்கிரம் வெளியே எடு என்று கட்டளையிட்டதும் காகிதம் அனுப்பிய அதே கம்பெனிதான். 'இதரச் செலவு' என்ற பத்தி மட்டும் லெட்ஜரிலிருந்து மறைந்து, கூலியிலும் வண்டி வாடகையிலும் பத்துப் பத்தாகக் கரைந்தது. கொஞ்ச நாள் கழித்துத் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். கூலிச் சீட்டுகளில் ஒரே கையெழுத்தாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முதலாளி கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, 'எனக்குத் தெரியாமல் நானே செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்களை வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்' என்றாராம்.

"எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு வருஷம் பேரில்லாத பணத்தை எழுதினேன் சார். என் பேரில் அதை எழுதச் சொன்னபோது கை வரவில்லை."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. வேலை போயிற்று. பெரிய கம்பெனி வேறு ஏஜெண்டைப் பிடித்துக்கொண்டது. அந்த ஏஜெண்டும் அதே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். தகுந்த ஏற்பாடு செய்திருந்தோம் என்று காட்டுவதற்குக் கம்பெனியிடம் இப்போது இரண்டு காகிதங்கள் இருக்கின்றன.

'கொடுக்காவிட்டால் வேலை நடக்காது, அப்புறம் சட்டம் என்ன செய்யும்?' என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதல்ல. ஒரு நாள் தாமதத்தின் விலை ஆயிரக்கணக்கில் ஏறும்போது, ஏழு நாளைக்குள் போலீஸுக்குப் போ என்பது வியாபாரியின் காதில் ஏறாது. நாளைக்கும் அதே ஜன்னலில்தானே போய் நிற்க வேண்டும்? 2025 அக்டோபரில் ஒரு சென்னை இறக்குமதிக்காரர் சுங்க அதிகாரிகள் லஞ்சம் கேட்டுத் துன்புறுத்துவதால் வியாபாரத்தையே நிறுத்துகிறேன் என்று ஊரறியச் சொன்னார். சுங்க இலாகா மறுத்தது. மத்திய நிதி மந்திரிசபை இலாகா விசாரணைக்கு உத்தரவிட்டது. எது உண்மை என்பதை விசாரிக்கிறவர்கள் சொல்லட்டும். வாய் திறப்பதற்குக் கடையை மூடவேண்டியிருக்கிறது என்று ஒருவர் நினைத்தாரே, அதுதான் கவனிக்க வேண்டியது.

ஆனாலும் சட்டம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் சௌகரியம் பெரிய மனிதர்களுக்கு இருந்த வரையில், லஞ்சத்தின் பாவம் முழுவதும் கடைசிக் குமாஸ்தாவின் தலையில்தான் வந்து இறங்கியது. கம்பெனியே பொறுப்பு என்ற ஏற்பாடு அந்தப் பாரத்தை, கொஞ்சமாவது, மேலே தூக்குகிறது. இன்னும் தூக்க வேண்டும். ஏஜெண்டிடம் கையெழுத்து வாங்கியதோடு ஏற்பாடு முடிந்தது என்று எந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது. நான்கு நாளாகும் வேலையை ஒரே நாளில் முடித்து வா என்று கேட்ட கடிதத்தையும் அந்தக் கையெழுத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்காவில் 2010 முதல், இப்படிப்பட்ட விஷயத்தைக் கமிஷனுக்கு முதலில் சொல்லி, வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டினால், சொன்னவருக்கு அதில் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வரை வெகுமதி உண்டு. நாம் ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014-இல் ஒரு சட்டம் செய்தோம். ஜனாதிபதியின் சம்மதமும் கிடைத்தது. அமலுக்குக் கொண்டுவரும் தேதியைக் குறிக்காமல் வருஷக்கணக்கில் பீரோவிலேயே வைத்திருந்தோம். பங்கு மார்க்கெட்டில் பதிந்த பெரிய கம்பெனிகளில் ஊழியர்கள் முறையிட ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் சொல்கிறது. கடற்கரைப் பக்கத்தில் பத்துப் பேர் வேலை செய்யும் மாடி அறைக்கு அந்தச் சட்டம் படியேறி வருவதில்லை.

வெகுமதி கூட வேண்டாம். உண்மையான பெயரை எழுதியதற்காகவோ, பொய்யான பெயரை எழுத மறுத்ததற்காகவோ ஒரு கணக்கப்பிள்ளையின் வேலை போகாது என்றால் போதும். லெட்ஜர் எழுதுகிறவர்களுக்கு நிஜம் தெரியாமல் இல்லை. எந்தப் பணம் எங்கே போகிறது என்பது கம்பெனித் தலைவருக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பயமில்லாமல் பேனாவை எடுக்கும் நாளில், 'இதரம்' என்ற பத்தியில் எழுதுவதற்கு அதிகமாக ஒன்றும் மிஞ்சாது.